அறுந்த இடம் எது?
கெட்டுப்போன மின்நூல் வாசிப்பானைத் திருத்துவது பற்றி

உன்னிச்சைக் குளத்தின் கீழோ நவகிரிக் குளத்தின் கீழோ வேளாண்மை செய்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், குளம் செத்துப் போயிற்று என்று சொல்லிக்கொண்டு எவரும் வீட்டுக்குத் திரும்புவதில்லை. வட்டவிதானை துருசடியிலிருந்து தொடங்கி வாய்க்கால் வழியே நடப்பார். ஓரிடத்தில் கட்டு உடைந்திருக்கும். இன்னோரிடத்தில் மண் சரிந்து அடைத்திருக்கும். அல்லது நண்டு துளைத்த பொந்தால் நீர் பக்கத்துத் தரிசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை நாலு மண்வெட்டி மண்தான். நடக்கத்தான் நேரம் எடுக்கும்.

இதே மக்கள், மின்சாரத்தில் இயங்கும் சிறு கருவி ஒன்று நின்றுவிட்டால் மட்டும், இந்த அறிவைச் செருப்போடு சேர்த்துக் கடை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறார்கள்.

"போட் போயிட்டு ஐயா. இனிச் சரிவராது."

"அப்ப எறியிறதா மகன்?"

"வேற ஒண்டு எடுங்க."

மூன்று வரியில் வழக்கும் முடிந்தது, தீர்ப்பும் கிடைத்தது. போட் என்று கடைக்காரர்கள் சொல்வது மின்சுற்றுப் பலகையை. அது போயிற்று என்றால் எந்த இடத்தில் போயிற்று? கடைக்காரரும் சொல்வதில்லை, பொருளுக்கு உரியவரும் கேட்பதில்லை. பலகை முழுவதும் ஒரே நாளில் பாழாவது அரிது. பெரும்பாலும் ஓரிடத்தில் ஒரு தொடுப்பு விட்டிருக்கும், அல்லது மயிரிழை போன்ற ஒரு செப்புப் பாதை அறுந்திருக்கும். அந்த இடத்தை எப்படித் தேடுவது, கண்டபின் எப்படி ஒட்டுவது என்பதை ஒரு கருவியை எடுத்துக்காட்டாக வைத்து இங்கே பார்ப்போம். கருவி, மின்நூல் வாசிப்பான். இதே முறை கைபேசிக்கும் சூரிய விளக்குக்கும் வானொலிப் பெட்டிக்கும் பொருந்தும்.

செத்தாலும் முகம் மாறாத கருவி

கிண்டில், கோபோ என்ற பெயர்களில் வரும் இந்த வாசிப்பான்கள் வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் பொதிகளில் இப்போது நம் ஊர்களுக்கும் வந்து சேருகின்றன. கிண்டிலை அமேசன் நிறுவனம் 2007 நவம்பரில் விற்பனைக்கு விட்டது. கோபோ, ரொறன்ரோவில் தோன்றிய நிறுவனம். எடை ஏறத்தாழ 200 கிராம், பள்ளிப் பிள்ளையின் கொப்பி ஒன்றின் பாரம். அதற்குள் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் கிடக்கும்.

இதன் திரை கைபேசித் திரை போன்றதல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழிகள் அதற்குள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறத் துகள் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் அங்கேயே நிற்கும். பக்கம் புரட்டும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. வாசித்துக்கொண்டிருக்கும்போது திரைக்குச் செலவே இல்லை. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் போகிறது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் இதே குணம் திருத்துகிறவரை ஏமாற்றவும் செய்யும். கருவி முற்றாகச் செத்த பின்னும் கடைசியாகக் காட்டிய படம் திரையில் அப்படியே நிற்கும். படம் தெரிகிறதே, உள்ளே உயிர் இருக்கிறது, திரைதான் இறுகிவிட்டது என்று முடிவுகட்டி, கிடைக்காத திரைக்கு அலைகிறவர்கள் உண்டு. படம் நிற்பது எதற்கும் சாட்சியல்ல.

இது வசதியுள்ளவர் விளையாட்டுப் பொருள் அல்லவா, நமக்கேன் என்று கேட்கலாம். 1990இல் ஓடினோம். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. 2006இலும் 2007இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மூட்டையோடு நடந்தோம். 2011 ஜனவரியில் வெள்ளம். ஒவ்வொரு முறையும் அடையாள அட்டையும் காணி அனுமதிப்பத்திரமும் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவரப்பட்டன. புத்தகத்தைத் தூக்கியவர் யார்? பாரம் என்று விட்டு வந்தோம். திரும்பிப் போனபோது கறையானும் தண்ணீரும் வாசித்து முடித்திருந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் 97,000 நூல்கள் 1981 யூன் தொடக்கத்தில் எரிந்ததை உலகம் அறியும். படுவான்கரை வீடுகளின் றங்குப் பெட்டிகளில் கிடந்த புத்தகங்களை எவரும் எண்ணவில்லை.

2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இலவசமாக வைத்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் இலக்கியங்கள் கிடைக்கின்றன. வி.சீ. கந்தையா எழுதி 1964இல் வந்த மட்டக்களப்புத் தமிழகம் போன்ற நூலை இன்று கடையில் தேடுவது வீண், ஆனால் அதன் பக்கங்களைக் கையில் வைத்துப் படிக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் பாடநூல்களை இணையத்தில் இட்டிருக்கிறது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள்.

ஒன்றை ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். ஆறு அங்குலத் திரையில் பாடநூற் பக்கம் சிறுத்துத் தெரியும், கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாதிப் பக்கமாகத்தான் படிக்கலாம். பெரும்பாலான வாசிப்பான்கள் கறுப்பு வெள்ளை ஆகையால் நிறப் படமும் தேசப்படமும் பயனற்றுப் போகும். ஆண்டு ஐந்துப் பிள்ளைக்கு அச்சுப் புத்தகமே நல்லது. உயர்தர வகுப்பு மாணவிக்கும், கண் மங்கி எழுத்தைப் பெருப்பித்து வாசிக்க விரும்பும் அப்பப்பாவுக்கும்தான் இந்தக் கருவி.

கழற்றுமுன்

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில. பற்றரி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால் சார்ஜரில் போட்டவுடன் எந்த அசைவும் தெரியாது. நல்ல வயரில் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். வேறு வயர், வேறு சார்ஜர் மாற்றிப் பாருங்கள். வயர்தான் முதலில் அறும். கிண்டிலாக இருந்தால் பொத்தானை 40 விநாடி அழுத்திப் பிடித்தால் கருவி புதிதாகத் தொடங்கும். இவற்றால் உயிர்பெறும் கருவிகள் கொஞ்சமல்ல.

வயரைச் சாய்த்துப் பிடித்தால் சார்ஜ் ஏறுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் பாதி நோய் பிடிபட்டுவிட்டது. வயர் செருகும் சொக்கற்றின் கால்கள் பலகையிலிருந்து விட்டிருக்கின்றன. இதுதான் மிகப் பொதுவான பழுது. சார்ஜில் போட்டபடியே படுத்துக்கிடந்து வாசிப்பதும், பிள்ளைகள் வயரைப் பிடித்துக் கருவியை இழுப்பதும் இதற்குக் காரணம்.

திரையில் ஒரு மூலையிலிருந்து கண்ணாடி வெடித்ததுபோல் கோடுகள் பரவி, அந்தப் பகுதி மட்டும் மாறாமல் நின்றால் உள்ளே கண்ணாடி உடைந்திருக்கிறது. இதற்கு ஈயம் மருந்தல்ல, திரையை மாற்றவே வேண்டும். மேலிருந்து கீழாக ஒரே ஒரு நேர்கோடு என்றால், கண்ணாடி ஓரத்தில் நாடாவயர் ஒட்டியிருக்கும் இடத்தில் ஓர் இணைப்பு விட்டிருக்கலாம். அது மின்கடத்தும் பசையால் சூட்டோடு அழுத்தி ஒட்டப்பட்டது, வீட்டில் முடியாது. ஒரு கோட்டோடு வாசிக்கப் பழகுவது மேல். முழுத்திரையும் மாறாமல் நின்று, சார்ஜ் விளக்கு மட்டும் ஒழுங்காக எரிந்தால், திரையின் நாடாவயர் பலகையில் செருகியிருக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்ற நம்பிக்கை உண்டு.

திறத்தல்

பழைய வங்கி அட்டை ஒன்றின் ஓரத்தால் பின்மூடியின் விளிம்பை மெதுவாகக் கிளப்ப வேண்டும். கத்தி வேண்டாம். சில வகைகளில் முன்சட்டம் பசையால் ஒட்டியிருக்கும், தலைமயிர் உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டினால் இளகும். தண்ணீர் புகாதபடி செய்த புதிய வகைகளை முதல் முயற்சியிலேயே தொடாதீர்கள். வளைத்தால் திரைக் கண்ணாடி உடையும். இந்த வேலையில் உடையும் திரைகளில் பல, பழுதால் உடைந்தவையல்ல, திறந்தவர் உடைத்தவை.

திருகாணிகள் நெல்மணியிலும் சிறியவை, நீளமும் ஒன்றல்ல. ஒரு கடதாசியில் கருவியின் வடிவத்தைக் கீறி, எந்த ஆணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள்.

திறந்ததும் முதல் வேலை பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. இரண்டாம் வேலை எதுவாயினும், முதல் வேலை இதுதான். பற்றரி தலையணைபோல் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். இலித்தியம் பற்றரி துளைபட்டால் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றியும் மீண்டும் மூளும். அதை வீட்டுக்கு வெளியே மண்சட்டியில் மணலுக்குள் வைத்துவிட்டு வேறு பற்றரி தேடுங்கள்.

இப்போது வாய்க்கால் வழியே நடப்பது. இதற்கு வேண்டியது மல்ரிமீற்றர். மலிவானதே போதும், ஆனால் 'பீப்' ஒலி தரும் நிலை அதில் இருக்க வேண்டும். மீற்றரின் இரண்டு ஊசிகளையும் ஒரு பாதையின் இரு முனைகளிலும் வைத்தால், பாதை அறாமல் இருந்தால் ஒலிக்கும். அறுந்திருந்தால் மௌனம். கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்ட ஊர் இது. காதால் நோய் பார்க்க நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

துருசடி, வயர் செருகும் சொக்கற். பழைய வாசிப்பான்களில் அது ஐந்து கால்கள் கொண்ட சிறிய வகை. முதலாம் காலில் 5 வோல்ற் வரும், ஐந்தாம் கால் திரும்பிப் போகும் வழி. இரண்டாம் மூன்றாம் கால்கள் கணினியிலிருந்து புத்தகம் ஏற்றும் வழிகள். முதலாம் காலிலிருந்து சிறு உருகி ஒன்றுக்கோ சுருள் ஒன்றுக்கோ பாதை போகும். அதன் இருபுறமும் ஊசி வைத்துப் பாருங்கள். ஒலிக்காவிட்டால் உருகி அறுந்திருக்கிறது, அதாவது துருசு பூட்டியிருக்கிறது. முதலாம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் இடையே ஊசி வைத்தால் ஒலிக்கக்கூடாது. ஒலித்தால் எங்கோ குறுக்காக ஓடுகிறது. நண்டுப் பொந்து அது. ஒரு துண்டு தூசியோ ஈயத் துளியோ கால்களுக்கிடையே கிடந்தால் துடைத்தெடுக்கலாம். அப்படி இல்லையென்றால் ஏதோ ஒரு பாகம் உள்ளே எரிந்திருக்கிறது, அது அனுபவசாலியின் வேலை.

பற்றரியைத் தனியாக அளந்து பாருங்கள். நிறைந்திருந்தால் 4.2 வோல்ற் காட்டும், சாதாரணமாக 3.7 அளவில் நிற்கும். மூன்றுக்குக் கீழே என்றால் நன்றாக வற்றிவிட்டது. பற்றரி நல்லது, உருகி நல்லது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை என்றால் இனிச் சொக்கற்றின் கால்களைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைபேசிக் கமராவால் பெருப்பித்துப் பாருங்கள். நல்ல ஈயப்பிடிப்பு கால் அடியில் சரிந்து பளபளக்கும். விட்ட பிடிப்பில் காலைச் சுற்றி ஒரு மெல்லிய வளையக் கோடு தெரியும்.

ஈயம் வைத்தல்

வடக்கில் 1990 முதல் ஐந்தாண்டு காலம் மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைப்பொருள். அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிக்கட்டையைக் கையால் சுற்றி, தைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். தைனமோ தருவது முன்னும் பின்னுமாய் ஓடும் மின்சாரம், வானொலிக்கு ஒரு திசையில் ஓடுவது வேண்டும். இடையில் டயோட் வைத்து ஒட்டப் பழகியவர்களில் பலர் எந்தத் தொழில்நுட்பப் பாடமும் படித்தவர்களல்லர். நம் பக்கத்தில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இளைஞருக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுத்து, 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போன அருட்தந்தை ஹேபியரை முதியவர்கள் இன்னும் நினைவுகூர்வார்கள். ஈயம் வைக்கும் கலை இந்த மண்ணுக்கு அந்நியமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கடையில் சோல்டரிங் அயன் என்று கேட்டு வாங்கும் சூட்டுக்கோல், கூர்மையான முனையுள்ளதாக இருக்கட்டும். பாத்திரத்துக்கு ஈயம் வைக்கும் தடித்த கோல் இதற்கு உதவாது. ஈயக் கம்பி 63 பங்கு தகரமும் 37 பங்கு ஈயமும் கலந்ததாகக் கிடைத்தால் நல்லது, 183 பாகை செல்சியசில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 யூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடைசெய்ததால், வாசிப்பானுக்குள் தொழிற்சாலை வைத்திருக்கும் பற்று பெரும்பாலும் ஈயமற்றது. அது உருக 217 பாகைக்கு மேல் வேண்டும். பழைய பற்று இளகவில்லையே என்று கோலை அழுத்திக்கொண்டிருப்பது இதனால்தான். தந்திரம் ஒன்று உண்டு. அதன்மேல் நம் ஈயக் கம்பியைச் சிறிது உருக்கி விட்டால் இரண்டும் கலந்து, குறைந்த சூட்டிலேயே இளகிவிடும்.

நகை செய்யும் பத்தர் பொன்னை ஒட்டுமுன் வெண்காரம் இடுவதைக் கண்டிருப்பீர்கள். சூட்டில் உலோகத்தின் மேல் மாசு படியாமல் அது காக்கிறது. இங்கேயும் அப்படியொன்று தேவை, ஆனால் வெண்காரமல்ல. பைன் மரப் பிசினிலிருந்து செய்த பிளக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசை செம்பைத் தின்றுவிடும், சில மாதத்தில் ஒட்டிய இடமே அறும்.

பிளக்ஸ் தடவி, கோலின் முனையைக் காலிலும் பலகையிலும் ஒன்றாகத் தொடவைத்து, ஈயத்தை அந்த இடத்தில் கொடுங்கள், கோலில் அல்ல. இரண்டு மூன்று விநாடி போதும். கூடுதலாகச் சுட்டால் பலகையில் செப்புத் தகட்டை ஒட்டியிருக்கும் பசை விட்டு, தகடு கிளம்பிவிடும். சொக்கற்றின் உடலைப் பிடித்திருக்கும் பெரிய கால்கள் மட்டும் சூட்டை உறிஞ்சும், அவற்றுக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அவைதான் பாரம் தாங்கும் தூண்கள், அவற்றை அரைகுறையாக விட்டால் ஒரு மாதத்தில் மீண்டும் அதே கதை.

தகடு ஏற்கெனவே கிளம்பி அறுந்திருந்தால்? இங்கேதான் பெரும்பாலான கடைகளில் கையை விரிப்பார்கள். வேலை நுணுக்கமானது, முடியாததல்ல. பலகையிலுள்ள செப்புப் பாதையின் தடிப்பு பொதுவாக 35 மைக்ரோன் அளவு, தலைமயிரில் ஏறத்தாழப் பாதி. மேலே பச்சையாகவோ நீலமாகவோ தெரிவது காப்புப் பூச்சு. அறுந்த இடத்திலிருந்து பாதை போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்து, சற்றுத் தள்ளி நல்ல இடம் ஒன்றில் பூச்சைச் சவர அலகின் நுனியால் மிக மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு மினுங்கியதும் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் பிளக்ஸ் தடவிச் சிறிது ஈயம் பூசுங்கள். பாலமாக வைக்க மெல்லிய செப்புக் கம்பி வேண்டும். பழைய வானொலியின் சுருளிலோ சிறிய மோட்டரிலோ சுற்றியிருக்கும் கம்பியே போதும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு உண்டு, முனையை உருகிய ஈயத் துளிக்குள் சற்று வைத்தால் அது எரிந்து போகும். ஒரு முனையை சொக்கற்றின் காலில், மறுமுனையைச் சுரண்டிய இடத்தில் ஒட்டுங்கள். கம்பி இறுக்கமாக நிற்கக்கூடாது, சிறு வளைவு விடுங்கள். மீற்றரால் கேளுங்கள். ஒலித்தால், பக்கத்துக் காலோடும் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். அங்கே மௌனமாக இருக்க வேண்டும். பிறகு நகப்பூச்சு ஒரு துளி விட்டுக் காயவிட்டால் கம்பி அசையாது.

இரண்டாம் மூன்றாம் கால்களின் தகடுகள் இரண்டும் அறுந்து, பாலம் போட இடமே இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். முதலாவதும் ஐந்தாவதும் இருந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறும், சற்று ஆறுதலாக. புத்தகத்தை வைபை வழியாக ஏற்றலாம். முழுமையாகத் திருத்த வேண்டும் என்ற பிடிவாதத்தில் இருந்ததையும் கெடுத்துவிடுவதைவிட இது புத்தி.

நாடாவயர் செருகும் இடத்தில் சிறிய மடிப்புப் பூட்டு உண்டு. அதை நகத்தால் நிமிர்த்திய பின்பே நாடாவை இழுக்க வேண்டும். நாடாவின் நுனியிலுள்ள பொன்னிறக் கோடுகள் அரை மில்லிமீற்றர் இடைவெளியிலோ அதிலும் நெருக்கமாகவோ இருக்கும். ஐசோபுரொபைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, நேராகச் செருகிப் பூட்டுங்கள். திரை இயங்காத கருவிகளில் சில இவ்வளவிலேயே எழுந்துவிடுகின்றன. மருந்துக்கடையில் காயத்துக்கு விற்கும் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், படிவு விடும். மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

பலகைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல செப்புப் படைகள் இருக்கின்றன. நடுப்படையில் அறுந்ததை நம்மால் தொட முடியாது. பெரிய சிப்புகளின் கால்கள் அவற்றின் வயிற்றுக்கடியில் ஈய மணிகளாக இருக்கின்றன, அதற்கும் வேறு கருவிகள் வேண்டும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

வாவித் தண்ணீர்

ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியின் இரு கரையிலும் வாழ்கிற நமக்குத் தனியான எதிரி உப்பு. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் படகில் கடப்பது குறைந்திருந்தாலும், மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே துறைப் பாதை இருக்கிறது, தோணி இருக்கிறது, மாரியில் வெள்ளமும் வரும். நல்ல தண்ணீரில் விழுந்த கருவி பிழைக்க வாய்ப்பு அதிகம். உவர்நீரில் விழுந்தது அப்படியல்ல. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். பற்றரி தொடுத்திருக்கும்வரை அந்த நீர் வழியே மின்சாரம் ஓடி, செம்பைக் கரைத்துப் பச்சைக் களிம்பாக்குகிறது. செம்பும் களிம்பும் பற்றி நம் சைவ சித்தாந்திகள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே களிம்பு மணிக்கணக்கில் வேலையை முடித்துவிடும்.

ஆகவே விழுந்த கருவியை இயங்குகிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள். சார்ஜில் போடாதீர்கள். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள். அரிசி ஈரத்தைச் சிறிது இழுக்கலாம், உப்பை இழுக்காது. தவிட்டுத்தூள் சொக்கற்றுக்குள் போய் அடைப்பதுதான் மிச்சம். உடனே திறந்து பற்றரியைக் கழற்றுங்கள். முடிந்தால் பலகையைத் திரையிலிருந்து பிரித்தெடுத்து, வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரால் மென்மையான பற்தூரிகை கொண்டு கழுவுங்கள். அமிலப் போத்தலும் அதே கடையில் அதே தட்டில் இருக்கும், பார்த்து வாங்க வேண்டும். கழுவியபின் அற்ககோலால் அலசி, நிழலில் காற்றோட்டமாக இரண்டு நாள் விடுங்கள். மின்தாள் திரையைக் கழுவவும் கூடாது, வெயிலில் வைக்கவும் கூடாது. களிம்பு படிந்த கால்களைத் தூரிகையால் துடைத்து, மீற்றரோடு மறுபடி துருசடியிலிருந்து நடக்க வேண்டும்.

ஈயம் நஞ்சு. வேலை செய்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் சோற்றில் கைவைக்கக் கூடாது. சமையற்கட்டில், பிள்ளைத்தாய்ச்சியும் குழந்தையும் இருக்கும் இடத்தில் இந்த வேலை வேண்டாம். புகையை முகர வேண்டாம். இனி ஆகாது என்று விட்ட பலகைகளைச் செம்புக்காக எரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை கொடியது. வாவியில் எறிந்தால் அதன் நஞ்சு நாம் பிடிக்கும் இறாலுக்குத்தான் போய்ச் சேரும்.

கருவிகளைத் திருத்த முடியாதபடி செய்து விற்கும் வழக்கத்துக்கு உலகில் எதிர்ப்பு வலுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமை பற்றிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதே ஆண்டு கோபோ நிறுவனம் தன் புதிய வாசிப்பான்கள் சிலவற்றுக்கு உதிரிப்பாகமும் திருத்தும் வழிகாட்டியும் கிடைக்கச் செய்ய முன்வந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் புதிது அனுப்பப் போகிறேன் என்றால், திறக்கக்கூடிய வகை எது என்று கேட்டு வாங்கச் சொல்லலாம். அதிலும் மேலாக, அவர்கள் வீட்டு மேசை இலாச்சியில் திரை நல்லபடி இருந்து பலகை கெட்டதும், பலகை நல்லபடி இருந்து திரை உடைந்ததுமாக அதே வகைக் கருவிகள் கிடக்கும். இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு மேல் போன பிறகு புதிதை நாமே வாங்குவது பற்றிப் பேசிப் பயனில்லை. கருவிகள் வைத்திருக்கும் சூட்டுக்கோலும் மீற்றரும் ஒரு வீட்டுக்கு ஒன்று வேண்டியதில்லை. விவசாயச் சங்கம் நெல் விசிறி வைத்திருப்பதுபோல, ஊருக்கு ஒரு பெட்டியாக வாசிகசாலையில் வைக்கலாம். முதலில் செத்த வானொலிப் பலகை ஒன்றில் பத்து இருபது தடவை ஒட்டிக் கழற்றிப் பழகிய பின்பே பிறருடைய வாசிப்பானைத் தொட விட வேண்டும்.

திருத்தி முடித்தபின் பற்றரியைக் கடைசியாகத் தொடுங்கள். பின்மூடியைப் பூட்டுமுன் சார்ஜில் போட்டு அரை மணிநேரம் பக்கத்திலேயே இருந்து, ஒட்டிய இடம் சுடுகிறதா என்று விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே கழற்ற வேண்டும். சுடாவிட்டால் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து, மூடியின் உட்பக்கத்தில் திகதியையும் எந்தக் காலில் என்ன செய்தீர்கள் என்பதையும் சிறிதாக எழுதிவிட்டுப் பூட்டுங்கள். அடுத்த முறை திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.